ஏர் சஸ்பென்ஷனிலிருந்து காயிலோவருக்கு: ஒரு போலோவின் முழுக் கணக்கு

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்த ஃபோக்ஸ்வேகன் போலோ காரை டோ வண்டியில் ஏற்றிவந்து எங்கள் பட்டறை வாசலில் இறக்கினார்கள். 2015ஆம் வருட ஜிடி டிடிஐ, 1.5 லிட்டர் டீசல். இடது முன்பக்கம் தரையோடு படுத்துக் கிடந்தது. டயரின் மேல் பாதி மட்கார்டுக்குள் போய்விட்டதால் ஸ்டியரிங்கைக் கால் சுற்றுக்கூடத் திருப்ப முடியவில்லை. கையால் தள்ளி உள்ளே கொண்டுவருவதற்கே நான்கு பேர் தேவைப்பட்டார்கள்.

வண்டிக்காரத் தம்பி கோவையிலேயே வேலை பார்க்கிறவர். மூன்று வருடத்துக்கு முன் வெளியூரில் ஓரிடத்தில் ஏர் சஸ்பென்ஷன் போட்டிருக்கிறார். நான்கு சக்கரத்துக்கும் காற்றுப் பை, டிக்கியில் 19 லிட்டர் காற்று டேங்க், இரண்டு கம்ப்ரஸர், பைகளுக்குக் காற்றைத் திறந்து மூடும் வால்வு பிளாக், டேஷ்போர்டில் பட்டன்கள். நிறுத்தும்போது வண்டியைத் தரையில் படுக்க வைக்கலாம், போகும்போது தூக்கிக்கொள்ளலாம். முதல் வருடம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

"அண்ணா, காத்தே வேண்டாம்ங்ணா. ஸ்பிரிங்குக்குப் போயிரலாம். ஆனா உயரம் மாத்திக்கிற மாதிரி இருக்கோணும்" என்றார்.

"சரி தம்பி. வண்டியில வழக்கமா யார் யாரு போவீங்க?" என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது.

காற்றுப் பையில் பாரம் ஏறினால் அழுத்தத்தைக் கூட்டிப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்துவிடலாம். அழுத்தம் கூடும்போது பை தாங்கும் பாரமும் கூடுகிறது, அதன் விறைப்பும் கூடவே ஏறுகிறது. அதனால் தனியாகப் போனாலும் ஐந்து பேர் போனாலும் வண்டி ஏறக்குறைய ஒரே தாளத்தில் ஆடும். இரும்புச் சுருள் அப்படி இல்லை. அதன் விறைப்பு மாறாது. ஒருவர் ஏறினால் ஓர் உயரம், ஐவர் ஏறினால் வேறோர் உயரம். காற்றிலிருந்து சுருளுக்கு மாறும்போது நாம் கழற்றிப் போடுவது, பாரத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அந்தத் திறமையைத்தான். அப்படியென்றால் எந்தப் பாரத்துக்கு உயரம் வைக்கப் போகிறோம் என்பதை மனிதர்கள்தான் முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும்.

அவர் சொன்ன பதில்: வார நாளில் அவர் ஒருவர் அல்லது மனைவியோடு இருவர். மாதத்துக்கு ஒருமுறை அப்பா, அம்மா, தங்கை எல்லோருமாக வால்பாறையில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு. வருடத்தில் ஓரிரு முறை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நண்பர்களோடு வண்டி ஓட்டிப் பார்ப்பார். இந்த மூன்றுக்கும் ஒரே ஸ்பிரிங் வேலை செய்தாக வேண்டும்.

பழுது என்ன என்று பார்த்தது

கழற்றப் போகிற பொருள்தானே என்று விட்டுவிடாமல், எதனால் விழுந்தது என்று முதலில் பார்த்தோம். பட்டறைக் காற்றை நேராகப் பையில் ஏற்றி, சோப்புத் தண்ணீரைத் துணியில் நனைத்துத் தடவினோம். இடது முன் பை கீழே மடியும் இடத்தில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. ரப்பர் மடிந்து மடிந்து விரியும் இடத்தில் மண் துகள் சிக்கினால் உப்புத்தாள் போலத் தேய்க்கும். கைவிரலை வைத்தபோது அந்த இடம் சொரசொரவென்று இருந்தது, உள்ளே இருக்கும் நூல் இழை கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டாவது கசிவு வால்வு பிளாக்கில் குழாய் சொருகும் இடத்தில். அந்தக் குழாயின் முனையைச் சாய்வாக வெட்டிச் சொருகியிருந்தார்கள். நேர் வெட்டாக இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஓ ரிங் ஒருபக்கம் பிடிக்கும், மறுபக்கம் விடும்.

டேங்க்கின் அடித்திருகை மூன்று வருடத்தில் யாரும் திறந்ததே இல்லை. திறந்ததும் ஒரு டம்ளர் அளவுக்குத் துருத் தண்ணீர் கொட்டியது. மழைக்காலத்து ஈரக் காற்றை அமுக்கி டேங்க்கில் அடைத்தால், அது ஆறும்போது தண்ணீர் பிரியத்தான் செய்யும். அந்தத் தண்ணீர் வால்வுக்குள் போய்த் துருப்பிடித்து, வால்வும் முழுதாக மூடாமல் இருந்தது.

என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது வேறு. கசிவைச் சரிக்கட்ட கம்ப்ரஸர் தினமும் காலையில் நிமிடக்கணக்கில் ஓடியிருக்கிறது. அதன் ரிலே உட்காரும் பிளாஸ்டிக் இளகி, பழுப்பாகி, ஒயரின் உறையோடு ஒட்டிப் போயிருந்தது. பேட்டரியிலிருந்து கார்பெட்டுக்கு அடியில் டிக்கி வரை ஓடிய தடித்த ஒயரில் பேட்டரி பக்கம் ஃபியூஸே கிடையாது. எங்காவது உறை தேய்ந்து பாடியைத் தொட்டிருந்தால் நிற்கும் வண்டி எரிந்திருக்கும். தம்பியைக் கூப்பிட்டு அந்த ரிலேயைக் கையில் கொடுத்தேன். நீண்ட நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

காற்றைக் கழற்றிவிட்டுச் சுருளுக்குப் போவது இன்று நேற்று வந்த வழக்கம் இல்லை. 1957இல் காடிலாக் எல்டொராடோ பிரஹாம் ஏர் சஸ்பென்ஷனோடு வந்தது. அந்தக் காலத்தின் மிக விலை உயர்ந்த அமெரிக்கக் கார்களில் ஒன்று. கசிவுத் தொல்லை பொறுக்காமல் அதன் உரிமையாளர்கள் பலர் சாதாரணச் சுருளுக்கு மாற்றிக்கொண்டார்கள். அன்றைய ரப்பரும் வால்வும் இன்றையதைவிட மட்டம்தான். ஆனாலும் எங்கே விடும் என்று பார்த்தால் இடங்கள் அவையேதான்.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதைத் தம்பியிடம் ஒளிக்காமல் சொன்னேன். கம்பெனி ஸ்பிரிங்கும் ஷாக்கும் (ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) வாங்கி மாட்டிவிட்டால் எந்தத் தலைவலியும் இல்லை, என் முதல் யோசனையும் அதுதான் என்றேன். அவர் யோசித்துவிட்டுக் காயிலோவரே வேண்டும் என்றார். உயரத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும்படி வரும் ஸ்பிரிங், ஷாக் செட்டுக்குத்தான் அந்தப் பெயர். அப்படியானால் உயரம் கம்பெனி நிலையை ஒட்டி இருக்க வேண்டும், தரையைத் தேய்க்கும் உயரத்துக்கு நான் வைத்துத் தரமாட்டேன், ஆர்டிஓ, இன்சூரன்ஸ் இரண்டிலும் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து வந்தார்.

கழற்றியது

முதல் வேலை காற்றை இறக்குவது. டேங்க்கில் 150 பிஎஸ்ஐ இருக்கும்போது குழாயைப் பிடுங்கினால் அது சாட்டை மாதிரி அடிக்கும். டேங்க், நான்கு பைகள், நடுவில் இருக்கும் குழாய்கள் எல்லாவற்றையும் வெறுமையாக்கி, கேஜ் பூஜ்யத்தைக் காட்டிய பிறகுதான் ஸ்பேனரை எடுத்தோம். அதற்கு முன்பே பேட்டரி இணைப்பையும் கழற்றியாயிற்று.

டிக்கியிலிருந்து இறங்கிய சாமான்களைத் தராசில் வைத்தபோது 31 கிலோ. ஸ்டெப்னி அதன் குழிக்குத் திரும்பி வந்தது. மூன்று வருடமாக வீட்டு மாடியில் கிடந்ததாம். அந்த ஃபியூஸ் இல்லாத ஒயரைப் பாதியில் வெட்டி டேப் சுற்றி விடாமல் முழு நீளத்தையும் உருவி எடுத்தோம். குழாய் போக பாடியில் போட்டிருந்த ஓட்டைகளின் ஓரத்தில் துரு ஏற ஆரம்பித்திருந்தது. சுரண்டி, பிரைமர் அடித்து, ரப்பர் குரோமெட் போட்டு அடைத்தோம். பார்க்க சின்ன வேலைதான், ஆனால் அரை நாள் இதற்கே போனது.

சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் வெடித்திருந்தன. தினமும் வண்டியைத் தரையில் படுக்க வைத்தால் புஷ்ஷின் ரப்பர் மணிக்கணக்கில் முறுக்கியபடியே கிடக்கும். புதுப் புஷ் மாட்டியபோது போல்ட்டை லேசாக மட்டும் ஏற்றி வைத்தோம். வண்டி தன் எடையில் தன் உயரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையையே தன் ஓய்வு நிலையாக எடுத்துக்கொள்ளும். கீழே இறக்கியதும் முறுக்கு ஏறி, சில மாதத்தில் திரும்பவும் வெடிக்கும்.

எந்த ஸ்பிரிங்?

டிக்கிச் சாமான் இறங்கிய பிறகு, பையில் நேராகக் காற்று ஏற்றி வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எடை பார்த்தோம். முன்சீட்டில் இருவர், அரை டேங்க் டீசல். இடது முன் 402, வலது முன் 384, இடது பின் 264, வலது பின் 270. மொத்தம் 1320 கிலோ. அப்புறம் பின்சீட்டில் பட்டறைப் பையன்கள் மூவரை உட்கார வைத்து, டிக்கியில் 30 கிலோ மூட்டையையும் வைத்துத் திரும்ப எடுத்தோம். பின் அச்சில் மட்டும் 171 கிலோ ஏறியது. ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய 85.

இதில் சக்கரம், பிரேக் போன்று ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையைக் கழித்தால், இருவர் இருக்கும்போது முன் ஸ்பிரிங் ஒவ்வொன்றும் தாங்க வேண்டியது சுமார் 355 கிலோ, பின்னால் 240.

விற்பனைக்கு வரும் காயிலோவர் செட்டில் முன்னால் 5 கிலோ ஸ்பிரிங், பின்னால் 6 கிலோ என்று வந்தது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 5 கிலோ தேவை என்று பொருள். போலோவின் முன்பக்க ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) சற்றே சாய்ந்து நிற்பதால் சக்கரத்தில் உணரும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பைவிடக் கொஞ்சம் குறைவு. சக்கரம் 100 மி.மீ. ஏறினால் ஸ்ட்ரட் 95 அமுங்குகிறது என்று அளந்துகொண்டோம். கணக்குப் போட்டால் 5 கிலோ ஸ்பிரிங்கில் முன்பக்கம் நொடிக்கு 1.78 முறை ஆடும். வீட்டுக் கார்கள் பெரும்பாலும் 1 முதல் 1.5க்குள் இருக்கும். 2ஐத் தாண்டினால் அது பந்தயப் பாதைக்கானது. பெற்றோரைப் பின்சீட்டில் வைத்து வால்பாறை போகிற வண்டிக்கு 1.78 அதிகம் என்று எனக்குப் பட்டது. முன்னால் 4 கிலோவுக்கு இறங்கினால் 1.59 வரும்.

பின்பக்கம் வேறு கதை. போலோவின் பின்னால் டார்ஷன் பீம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம். ஸ்பிரிங் தனியாக, ஷாக் தனியாக இருக்கும். ஸ்பிரிங் சக்கரத்துக்கு முன்னால் தள்ளி உட்கார்ந்திருப்பதால் சக்கரம் 100 ஏறினால் ஸ்பிரிங் 75தான் அமுங்குகிறது. 5.5 கிலோ ஸ்பிரிங் சக்கரத்தில் 3.1 கிலோவாகத்தான் வேலை செய்யும். அதில் இருவர் போகும்போது 1.79.

பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆட வேண்டும் என்பது 1930களில் அமெரிக்காவில் மொரிஸ் ஆலி என்ற பொறியாளர் சோதித்துக் காட்டியது. மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறுகிறது, பின் சக்கரம் கொஞ்சம் தாமதமாக ஏறுகிறது. தாமதமாகத் தொடங்கியது வேகமாக ஆடினால் ஓரிரு ஆட்டத்தில் முன்பக்கத்தைப் பிடித்துவிடும். வண்டி குதிரை மாதிரி முன்னும் பின்னும் தலையாட்டாமல் சமமாக ஏறி இறங்கும். எங்கள் கணக்கில் ஐவர் ஏறும்போது முன்னால் 1.53, பின்னால் 1.54. ஏறக்குறைய சமமாகிவிடுகிறது, ஆனால் பின்பக்க எண் முன்பக்கத்தைவிடக் குறையவில்லை. இந்த இரண்டு எண்ணையும் தாளில் பார்த்தபோது எனக்கு ரொம்பத் திருப்தி. 4, 5.5 என்று ஸ்பிரிங் மாற்றித் தரச் சொன்னோம். ஷாக்கின் வால்வு அமைப்பையும் அதற்கேற்ப மென்மையாக்கி அனுப்பினார்கள்.

முன் ஸ்பிரிங்கின் நீளத்தையும் மாற்றினோம். மென்மையான ஸ்பிரிங் அதிகம் அமுங்கும். 180 மி.மீ. ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது சுற்றோடு சுற்று முட்டிக்கொள்ளும். அதனால் 220 மி.மீ. எடுத்தோம். அது 145 மி.மீ. வரை அமுங்கலாம்.

'டக்' என்ற சத்தம்

மாட்டும் வேலை ஒன்றரை நாள். இந்த வண்டியில் ஸ்ட்ரட்டின் கீழ்முனையை, சக்கரத்தைத் தாங்கும் பாகமான நக்கிள் ஒரு காலர் போல இறுக்கிப் பிடித்திருக்கும். பிளவை விரிக்கிற சின்னக் கருவியைச் சொருகித் திருப்பினால் வழுக்கிக்கொண்டு இறங்கும். சுத்தியலால் அடித்து இறக்கினால் நக்கிள் விரிசல் விடும். ஏர் சஸ்பென்ஷனுக்காகப் போட்டிருந்த, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஆன்டி ரோல் பாரின் குட்டை லிங்க்கையும் கழற்றி, நீளம் மாற்றிக்கொள்ளும் லிங்க் போட்டோம். ஓடும் உயரத்தில் பார் டிரைவ் ஷாஃப்ட்டைத் தொடாத இடத்தில் நிற்க வேண்டும்.

சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை முன்னால் 335 மி.மீ. வைத்து ஓட்டக் கிளம்பினோம். பட்டறைத் தெருமுனை வேகத்தடையில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கியதும் முன்னால் 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்டியரிங்கில் கைக்கே அடித்தது. மென்மையான ஸ்பிரிங் போட்டும் கட்டை வண்டியில் போகிற மாதிரி இருந்தது.

பட்டறையில் ஆளுக்கொரு யோசனை. ஷாக்கை இறுக்கிப் பார்க்கலாம் என்றார்கள். ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் திருகில் உள்ள 30 கிளிக்கில் பாதிக்கு மேல் இறுக்கினோம். இன்னும் மோசமானது. காரணம் புரியக்கூடியதுதான். இறுக்கிய ஷாக் அமுங்கிவிட்டுத் திரும்ப நீள நேரம் எடுக்கும். அது நீளும் முன்பே அடுத்த குழி வந்துவிட்டால் படிப்படியாகக் கீழேயே போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்து, உயரம் போதவில்லை என்று கீழ்க் குழாயைத் திருகி 355க்கு ஏற்றினோம். 20 மி.மீ. என்பது கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். வேகத்தடையில் அதே சத்தம், அதே அடி.

அங்கேதான் நான் நின்று யோசித்தேன். டயர் எங்கும் உரசவில்லை. உயரத்தைக் கூட்டினாலும் சத்தம் மாறவில்லை. இரண்டு ஸ்ட்ரட்டின் தண்டிலும் ஒரு கேபிள் டையைச் சுற்றி, லேசாக இறுக்கி, கீழே ஷாக்கின் கழுத்து வரை தள்ளி வைத்தேன். ஷாக் அமுங்கும்போது கேபிள் டை தண்டில் மேலே தள்ளப்பட்டு, எவ்வளவு தூரம் போனதோ அங்கேயே நின்றுவிடும். ஒரே ஒரு வேகத்தடை. திரும்பி வந்து ஜாக்கி போட்டுப் பார்த்தால் ஷாக் கடைசி வரை அமுங்கும்போது தாங்கிக்கொள்ளும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்குள் கேபிள் டை அமுங்கிக் கிடந்தது.

அப்புறம் பென்சிலை எடுத்தேன். இந்த ஷாக் முழு நீளத்திலிருந்து 95 மி.மீ. அமுங்கினால் பம்ப் ஸ்டாப்பைத் தொடும். 374 கிலோ விசை 5 கிலோ ஸ்பிரிங்கில் விழுந்தால் 75 மி.மீ. அமுங்கும். அதுவே 4 கிலோ ஸ்பிரிங்கில் 93. மாட்டும்போதே ஸ்பிரிங்கை அமுக்கி வைத்த அளவு, அதாவது முன்னழுத்தம், 5 மி.மீ. மட்டும். ஆகவே வண்டி சும்மா நிற்கும்போதே தண்டு 88 மி.மீ. உள்ளே போய்விட்டது. பம்ப் ஸ்டாப்புக்கு மிச்சம் 7 மி.மீ. ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஸ்பிரிங்கை மென்மையாக்கிய நான், அது எவ்வளவு இடத்தை விழுங்கும் என்று முட்டும் நீளத்துக்கு மட்டும் கணக்குப் போட்டேன். ஷாக்கின் ஓட்டத்துக்குக் கணக்குப் போடவில்லை. தவறு என்னுடையது.

கீழ்க் குழாயைத் திருகினால் ஏன் சரியாகவில்லை என்பதும் இதிலேயே விளங்கும். இந்த வகைக் காயிலோவரில் உயரத்தை மாற்றக் கீழே ஒரு குழாய் உண்டு. அதைத் திருகினால் முழு ஸ்ட்ரட்டின் நீளம்தான் கூடும், குறையும். ஷாக்கின் தண்டு இருக்கும் இடத்தில் அப்படியே இருக்கும். அது எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை வண்டியின் எடை, ஸ்பிரிங்கின் விறைப்பு, முன்னழுத்தம் என்ற மூன்று மட்டுமே.

இரண்டு வளையங்களையும் சி ஸ்பேனரால் திருகி ஸ்பிரிங் தட்டை 15 மி.மீ. மேலே ஏற்றினோம். முன்னழுத்தம் 20 ஆனது. தண்டு 73இல் நின்றது. பம்ப் ஸ்டாப்புக்கு 22 மி.மீ. கிடைத்தது. சக்கரம் குழியில் இறங்க 73 மி.மீ. இருக்கிறது, அது தாராளம். முழுதாக அமுங்கினாலும் ஸ்பிரிங் 135தான் போகும், 145க்குள் அடக்கம். ஏறிய உயரத்தைக் கீழ்க் குழாயில் இறக்கி 350இல் நிறுத்தினோம்.

முன்னழுத்தத்தைக் கூட்டினால் வண்டி விறைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரே சீராகச் சுற்றிய ஸ்பிரிங்கில் 4 கிலோ என்றால் கடைசி வரை 4 கிலோதான். நாங்கள் செய்தது ஷாக்கின் ஓட்டத்தில் வண்டி நிற்கும் இடத்தை நகர்த்தியது மட்டும். அதே தெருமுனை, அதே வேகத்தடை, அதே 15 கிலோமீட்டர். 'டக்' இல்லை. தம்பி நம்பாமல் இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

பம்ப் ஸ்டாப்பைப் பாதி வெட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ரப்பர் கடைசி நேரத்தில் ஷாக்கைக் காப்பாற்றுவதற்காக இருப்பது. வெட்டினால் சத்தம் கொஞ்ச நாள் போகும், பிறகு ஷாக்கின் உள்ளே இரும்போடு இரும்பு இடிக்கும்.

உயரம், எடை, நேர்கோடு

வண்டியில் இருவர் இருக்கும்போது பின்பக்க உயரம் 360 வரும்படி வைத்தோம். முன்பக்கத்தைவிட 10 மி.மீ. அதிகம். ஐவர் ஏறினால் பின்னால் 27 மி.மீ. இறங்கும் என்று கணக்கு, அளந்தபோது 26. முன்னால் 8 இறங்கியது. அதாவது இருவரோடு போகும்போது பின்பக்கம் 10 மேலே, ஐவரோடு போகும்போது 8 கீழே. இரண்டு பாரத்துக்கும் நடுவில் சரிபாதியாகப் பிரித்துக்கொடுத்தோம். முதல் நாள் கேட்ட கேள்வியின் பயன் இதுதான். தனியாகவே போகிற ஆளாக இருந்தால் பின்னால் இன்னும் இறக்கியிருப்பேன். தினமும் ஐவர் போகிற வீடாக இருந்தால் ஏற்றியிருப்பேன்.

எடை மேடையில் மூலைக்கு மூலை கூட்டிப் பார்த்தபோது இடது முன், வலது பின் சேர்ந்து மொத்த எடையில் 50.9 சதவீதம் இருந்தது. இடது முன்னை இரண்டு மி.மீ. இறக்கியதும் 50.2க்கு வந்தது. அதற்கு மேல் நோண்டவில்லை. ஓட்டுநர் சாப்பிட்டுவிட்டு வந்தாலே மாறுகிற எண் அது.

500 கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகுதான் வீல் அலைன்மென்ட். உயரம் மாறினால் டோ, அதாவது சக்கரங்கள் நேர்கோட்டிலிருந்து உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, கட்டாயம் மாறும். டோவைக் கம்பெனி அளவுக்கே வைத்தோம். பின் பீமில் மாற்ற ஒன்றும் இல்லை. இடது முன் டயரின் உள்விளிம்பு பழைய தாழ்வான ஓட்டத்தில் தேய்ந்து கம்பி தெரிந்ததால் முன்டயர் இரண்டையும் மாற்றச் சொன்னோம்.

வால்பாறை

அலைன்மென்ட் முடிந்த வாரமே ஐந்து பேராக வால்பாறை. என்னையும் கூப்பிட்டார்கள், தங்கை இடத்தில் நான் உட்கார்ந்தேன். ஆழியாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூவில் நிறுத்தி எல்லோரும் அணையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் குனிந்து கேபிள் டையைப் பார்த்தேன். பம்ப் ஸ்டாப்பை லேசாகத் தொட்டுவிட்டு நின்றிருந்தது. முன் ஷாக் மென்மையான பக்கத்திலிருந்து 12 கிளிக், பின்னால் 8. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் நிதானமாக அமுங்கி, நிதானமாகவே திரும்பியது. பின்னால் இருந்தபடி பார்த்ததில் எனக்குக் குறையாகப் பட்டது ஒன்றுதான். சாலை ஒட்டுப் போட்ட இடங்களில் சின்னச் சின்ன அதிர்வு சீட் வரை வந்தது.

அதைத் தம்பியின் அப்பாவும் சொன்னார். "முன்ன தொட்டில்ல போற மாதிரி இருக்குமுங்க தம்பி. இப்ப ரோடு தெரியுது. ஆனா வளைவுல சாயறதில்ல, எனக்குத் தலை சுத்தலைங்க" என்றார். பின்னாலுள்ள ஷாக்கை இன்னும் இரண்டு கிளிக் தளர்த்தி 6க்குக் கொண்டுவந்தேன். இறங்கும்போது அந்த அதிர்வு கொஞ்சம் அடங்கியது. முழுதாகப் போகவில்லை. காற்றுப் பை கொடுத்த அந்த மெத்தென்ற தன்மையை இந்த ஸ்பிரிங்கில் எதிர்பார்க்கக்கூடாது என்று தம்பியிடம் முன்பே சொல்லித்தான் இருந்தேன்.

இன்னொன்றும் போனது. அவர் குடியிருக்கும் அடுக்கு மாடியின் அடித்தளத்துக்கு இறங்கும் சரிவு ரொம்பச் செங்குத்து. காற்று இருந்தபோது பட்டனை அழுத்தி வண்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். இப்போது ஐவர் இருந்தால் சரிவு முடியும் இடத்தில் அடிப்பாகம் தட்டுகிறது. குறுக்காகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக இறக்கிப் பார்த்தார், அகலம் போதவில்லை. கடைசியில் பின்சீட்டில் இருப்பவர்கள் மேலேயே இறங்கி நடந்து வருவது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து சர்வீஸுக்கு வந்தபோது வளையங்களைத் திருகிப் பார்த்தோம். வலது முன் வளையத்தின் மரையில் செம்மண் இறுகியிருந்தது, பிரஷ் போட்டுக் கழுவி, கிரீஸ் தடவிப் பூட்டினோம். நான்கு உயரமும் அளந்தோம். முன்னால் 348, 349, பின்னால் 359, 359. கேபிள் டை இன்னும் தண்டிலேயே இருக்கிறது. கழற்ற வேண்டாம் என்று தம்பியே சொல்லிவிட்டார்.